மனவடுவை மருத்துவம் ஏற்ற வரலாறு

உயிருக்கு ஆபத்தான நிகழ்ச்சியிலிருந்து தப்பியவர்களுக்கு, மாதங்கள் பல கடந்த பின்னரும் அந்நிகழ்ச்சி கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருவதும், அதை நினைவூட்டும் இடங்களை அவர்கள் தவிர்ப்பதும், சிறு ஓசைக்கும் உடல் தூக்கிவாரிப் போடுவதும் இன்று ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்னும் நோயின் அறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன. இது நோயென ஏற்கப்படும் முன் நோயாளிகள் பட்ட பாட்டில் பெரும்பகுதி, அவ்வறிகுறிகளைக் கோழைத்தனம் என்று பிறர் எண்ணியதால் வந்தது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரிட்டிஷ் உளவியலாளர் சார்லஸ் மயர்ஸ் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மூன்று படைவீரர்களைப் பற்றி எழுதினார். அவர்களுள் ஒருவர், முள்கம்பியில் சிக்கிக் கிடந்தபோது தம்மைச் சுற்றி எறிகுண்டுகள் வெடிக்கக் கண்டவர். மூவருக்கும் நினைவு தப்பியதோடு பார்வையும் மோப்ப உணர்வும் சுவை உணர்வும் குன்றின. குண்டின் அதிர்வு மூளையைத் தாக்கியதே காரணம் என்ற எண்ணத்தில் ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டதிர்ச்சி, என்ற பெயர் பரவியது. ஆனால் வெடிப்புக்கு அருகிலேயே செல்லாதவர்களிடமும் அதே அறிகுறிகள் தென்பட்டதும், படைத்தலைமையின் ஐயம் நோயாளிகளின் துணிவின் மீதே திரும்பியது. படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக பிரிட்டிஷ் தரப்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் முன்பே குண்டதிர்ச்சிக்குச் சிகிச்சை பெற்றவர்களும் இருந்தனர். அவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல் வழங்கப்பட்ட மன்னிப்பு, தொண்ணூறாண்டு தாமதமான நீதி.

நீலகிரியில் தோடர்களின் வாழ்வை ஆராய்ந்து 1906இல் நூல் வெளியிட்ட மருத்துவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், போர்க்காலத்தில் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். மறந்துவிடுமாறு அறிவுரை கூறுவதே அன்றைய வழக்கம். பகலெல்லாம் அழுத்தி வைத்த நினைவே இரவில் கூடுதல் வலிமையோடு எழுகிறது என்று கண்ட ரிவர்ஸ் அவ்வழக்கத்தை மறுத்தார். வெடித்துச் சிதறிய நண்பரின் உடலைக் கண்ட அதிகாரி ஒருவரை அக்காட்சி கனவில் விடாது துரத்தியது. உடல் அவ்வாறு சிதறியதே, நண்பர் வேதனையின்றி நொடியில் இறந்ததற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டிய பின் வந்த கனவில் துயரம் இருந்ததே தவிர திகில் இல்லை. இத்தகைய பொறுமையான சிகிச்சை சாதாரணச் சிப்பாய்கள் பலருக்குக் கிட்டவில்லை என்பது வேதனைக்குரியது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மருத்துவர்களும் போராடியதன் பயனாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயரில் இந்நோய் இடம்பெற்றது. குழந்தைகளைப் பொறுத்தவரை, அவர்கள் விரைவில் மறந்துவிடுவார்கள் என்ற பெரியவர்களின் நம்பிக்கையே நோயை உணர்வதற்குப் பெருந்தடையாக இருந்தது. 1976 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சௌசில்லா ஊரில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு, கல் குவாரியில் புதைக்கப்பட்ட ஒரு வண்டிக்குள் அடைக்கப்பட்டனர். ஏறத்தாழ 16 மணி நேரத்துக்குப் பின் அவர்களும் ஓட்டுநரும் தோண்டி வெளியேறினர். உடற்காயம் பெரிதாக இல்லாததால், பிள்ளைகள் நலமாக இருப்பதாகவே கருதப்பட்டது. மனநல மருத்துவர் லெனோர் டெர் அவர்களைச் சந்தித்தபோதோ, கடத்தலையே மகிழ்ச்சியற்ற விளையாட்டாகச் சலிக்காமல் திரும்ப ஆடும் பிள்ளைகளையும், தாம் நெடுநாள் வாழப்போவதில்லை என்று நம்பும் பிள்ளைகளையும் கண்டார். நான்காண்டுக்குப் பின்னும் பாதிப்பு நீங்கவில்லை.

1987இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டு நூல் குழந்தைகளிடம் காணும் இத்தகைய வெளிப்பாடுகளைக் குறிப்பிட்டது. 2013இன் பதிப்பு, நேர்ந்ததைச் சொல்லில் வடிக்க இயலாத ஆறு வயதும் அதற்குக் குறைவான வயதும் உள்ள குழந்தைகளுக்கு, விளையாட்டையும் நடத்தையையும் கொண்டு நோயை அறியும் தனி அளவுகோல்களை வகுத்தது.