பகுக்க இயலாப் பொருள்களின் நியாயப் பங்கீடு: கணிப்புச் சிக்கல்

பகுக்க இயலாப் பொருள்களின் நியாயப் பங்கீடு என்பது, துண்டாக்க முடியாதவற்றைப் பலருக்கு மனக்குறையின்றிப் பிரித்துக் கொடுக்கும் வழிகளை ஆராயும் துறை. கணினி அறிவியலும் பொருளியலும் கணிதமும் இதில் சேர்ந்து இயங்குகின்றன. பணத்தை வேண்டிய அளவில் பிரிக்கலாம். வீடு, நகை, ஓவியம், கல்லூரி இடம் போன்றவற்றை முழுதாக ஒருவருக்கே தர வேண்டும். அதனால் எல்லோரும் ஏற்கும் பங்கீடு சில வேளைகளில் இல்லாமலே போகிறது. இருக்குமானாலும் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு கணக்கிட வேண்டும் என்பதே இங்கு எழும் கணிப்புச் சிக்கல்.

பொறாமையற்ற பங்கீடு

தன் பங்கைவிட இன்னொருவர் பங்கு மேலானது என்று யாரும் கருதாத பங்கீடு பொறாமையற்றது. 3, 3, 2, 2, 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஐந்து நகைகளை இருவர் பிரிக்கிறார்கள். இந்த மதிப்பு இருவருக்கும் உடன்பாடு என்று கொள்வோம். முதல் இரண்டை ஒருவரும் மற்ற மூன்றை இன்னொருவரும் எடுத்தால் ஆளுக்கு 6 லட்சம். விலை உயர்ந்ததில் தொடங்கி, அந்தந்த நேரத்தில் குறைவாக வைத்திருப்பவருக்கே அடுத்ததைக் கொடுத்து வந்தாலோ 7, 5 என்று முடியும்.

ஐந்து நகைகளை இருவருக்குப் பிரிக்க 32 வழிகள் உண்டு. 30 நகைகளுக்கு 107 கோடிக்கும் மேல். எண்களின் தொகுதி ஒன்றை இரு சம கூறுகளாக்க முடியுமா என்ற கேள்வி, ரிச்சர்ட் கார்ப் 1972-இல் பட்டியலிட்ட 21 என்பி-முழுமைச் சிக்கல்களில் ஒன்று; இத்தகைய சிக்கல்களுக்கு விரைவான பொதுத் தீர்வு எதுவும் அறியப்படவில்லை. ஆகவே இருவர் மட்டுமே இருந்து, இருவர் மதிப்பீடும் ஒன்றாகவே இருந்தாலும், பொறாமையற்ற பங்கீடு உண்டா என்று தீர்மானிப்பது என்பி-முழுமையானது. எண்கள் சிறியவையாக இருந்தால் இயங்குநிலைத் திட்டமிடல் முறையில் விரைவாக விடை காணலாம். ஆட்கள் பெருகினால் அந்த வழியும் அடைபடும். யாருக்கும் குறைக்காமல் ஒருவருக்குக்கூடக் கூட்டித்தர முடியாத நிலை பரேட்டோ திறன் எனப்படும். அதையும் சேர்த்துக் கேட்டால், சிக்கல், கடின அளவுகளின் அடுக்கான பல்லுறுப்புப் படிநிலையின் இரண்டாம் தளத்துக்கு ஏறுகிறது.

ஒரு பொருள் அளவிலான தளர்வு

அடுத்தவர் பங்கிலிருந்து ஏதேனும் ஒரு பொருளை நீக்கிப் பார்த்தால் பொறாமை மறையும் என்றால் போதும் என்பது புகழ்பெற்ற தளர்வு. மேற்சொன்ன 7, 5 பங்கீடு இதை நிறைவு செய்கிறது: 2 லட்ச நகை ஒன்றை நீக்கினால் இருபுறமும் 5. லிப்டன், மார்க்காகிஸ், மோசல், சபேரி ஆகியோர் 2004-இல் தந்த படிமுறை, இத்தகைய பங்கீட்டை எப்போதும் பல்லுறுப்புக் காலத்தில், அதாவது விரைவாக, கண்டுபிடிக்கிறது. யாருடைய பொறாமைக்கும் ஆளாகாதவருக்கே அடுத்த பொருளைக் கொடுப்பது அதன் விதி. அப்படி ஒருவரும் இல்லையென்றால் பொறாமைகள் ஒரு வட்டமாகச் சுழல்கின்றன என்று பொருள். அந்த வட்டத்தில் இருப்பவர்கள் தாங்கள் விரும்பும் பங்குக்கு மாறிக்கொள்வார்கள்.

உறுதிப் பங்கு

‘நான் பிரிக்கிறேன், மற்றவர்கள் முதலில் எடுக்கட்டும்’ என்றால் ஒருவருக்கு உறுதியாகக் கிடைக்கும் அதிகபட்ச மதிப்பை எரிக் புடிஷ் 2011-இல் அளவுகோலாக்கினார். நம் எடுத்துக்காட்டில் அது 6. எனவே 5 பெற்றவருக்கு இந்த அளவுகோலின்படி குறைதான். இந்த அளவைக் கணக்கிடுவதே என்பி-கடினம், அதாவது என்பி-முழுமைச் சிக்கல்களுக்குக் குறையாத கடினம். மூவரோ அதற்கு மேலோ இருந்தால் எல்லோருக்கும் முழு அளவு தர முடியாத நேர்வுகள் உண்டு என்று புரோக்காசியாவும் வாங்கும் 2014-இல் காட்டினர். மூன்றில் இரண்டு பங்கு தர முடியும் என்றும் நிறுவினர். 2018-இல் அது நான்கில் மூன்றாக உயர்ந்தது.

நாஷ் நலன்

எல்லோரும் அடையும் மதிப்புகளின் பெருக்குத்தொகையை, அதாவது நாஷ் நலனை, உச்சமாக்கும் பங்கீடு, ஒரு பொருள் அளவிலான பொறாமையின்மையையும் பரேட்டோ திறனையும் ஒருங்கே தரும் என்று 2016-இல் நிறுவப்பட்டது. ஆனால் அந்த உச்சத்தைக் கண்டுபிடிப்பது என்பி-கடினம். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டே மதிப்புகள் இருந்தால் எளிதாகிறது. பர்மன், கிருஷ்ணமூர்த்தி, வைஷ் ஆகியோரின் 2018 படிமுறை, பொருள்களின் மதிப்பு எண்கள் பெரிதாக இல்லாதபோது அவ்விரு பண்புகளும் உள்ள பங்கீட்டை விரைவாகத் தருகிறது.

பயன்பாடு

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியில் பாட இடங்களை ஒதுக்கும் முறை புடிஷின் கோட்பாட்டிலிருந்து பிறந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் உருவான ஸ்ப்ளிடிட் என்ற இணையதளம், பொருள்களைப் பிரிக்க நாஷ் நலனைப் பயன்படுத்தியது. முழு நியாயம் கணிப்பில் கடினமானது. ஒரு பொருள் அளவு விட்டுக்கொடுத்தால் நியாயம் எல்லா நேர்வுகளிலும் விரைவாகக் கைகூடும். இத்துறையின் மிகப் பயனுள்ள முடிவு இதுவே.