கற்பிட்டிக் கடற்பன்றி: ஒரு வகைப்பாட்டின் வரலாறு

புத்தளக் களப்பிலும் கற்பிட்டியை அடுத்த ஆழங்குறைந்த கடலிலும் கடற்புல் மேய்ந்து வாழும் விலங்கொன்றைக் கடற்பன்றி என்பர். பாடநூல்கள் அதனைக் கடற்பசு என்கின்றன. பாக்குநீரிணையின் மறுகரையில் அது ஆவுளியா. இன்று அதனைக் காண்பது அரிது. முள்ளந்தண்டு விலங்குகளுள் இதற்குரிய இடம் எது என்ற வினா அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்தது. அவ்வினாவின் விளைவு நூலேடுகளோடு நின்றுவிடவில்லை.

1560இல் புத்தளத்துக்கு வடக்கேயுள்ள மன்னாரில் மீனவர் வலையில் ஏழு 'கடல் மனிதர்' அகப்பட்டனர் என்றும், கோவை அரசப் பிரதிநிதியின் மருத்துவர் பொஸ்கெஸ் அவற்றை அறுத்து நோக்கி, உள்ளமைப்பும் மனிதருடையதை ஒத்ததெனக் கண்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. உடனிருந்து கண்டவராகக் கூறப்படும் என்றிக்கசு பாதிரியார், 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிரிக் அடிகளாராகவே இருத்தல் வேண்டும். மருத்துவரின் முடிவை நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆயினும் மார்பில் இரு முலைகள், துடுப்பினுள் ஐவிரல் எலும்புகள், கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் ஆகியன இவ்விலங்குக்கு உண்டு. அவர் கண்டது மனிதச் சாயலன்று, முலையூட்டிகளின் பொதுச் சாயல்.

1776இல் முல்லர் இதற்கு அறிவியற் பெயரிட்டார். 1811இல் இல்லிகர் தனிப் பிரிவு வகுத்தார். 1816இல் பிளென்வில் யானைகளின் அருகே வைத்தார். எனினும் 1861இல் இலங்கை விலங்கியல் நூலை வெளியிட்ட எமேர்சன் ரெனன்ற், கற்பிட்டிக் குடாவில் இது வாழ்வதைக் குறித்தபோதும், புல்லுண்ணும் திமிங்கிலமாகவே கொண்டார். வெளித்தோற்றம் அத்துணை மயக்குவது! ஆண் விலங்கின் தந்தம் யானைத் தந்தம் போன்றே வெட்டும்பல்லின் வளர்ச்சி. யானைக்கும் முலைகள் முன்னங்கால்களுக்கு இடையிலேயே உள்ளன. கடந்த நூற்றாண்டின் இறுதியில் மரபணு ஆய்வும் இவ்வுறவை உறுதிசெய்தது.

உறவு யானையோடெனின் வளர்ச்சியும் அத்தகையதே. தந்தத்தை அறுத்து அதன் வளர்ச்சி அடுக்குகளை எண்ணியே வயது கணிக்கப்படுகிறது. எழுபது ஆண்டு வாழ்ந்தவையும் உள. கருக்காலம் ஓராண்டுக்கு மேல். ஒரு பேற்றுக்கு ஒரு கன்று. அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். முதற் கன்றை ஈனத் தாய்க்குப் பத்தாண்டு ஆவதும் உண்டு. இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீனைப் பிடிப்பதுபோல இதனைப் பிடித்தால் இனம் எங்ஙனம் நிலைக்கும்? இதன் உறவினமான வடகடற் கடற்பசுவை 1741இல் ஸ்டெல்லர் கண்டார். 1768 அளவில் அது முற்றாக அழிந்தது.

இன்று சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆனால் மீனுக்கு விரித்த வலையிலும் இது சிக்குகிறது. நீர்மேல் வந்து மூச்செடுக்க இயலாமல் சில நிமிடங்களில் இறக்கிறது. காப்பாற்ற வேண்டுமாயின் வலையை அறுத்தல் வேண்டும். அவ்வலையே மீனவனின் முதல். 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்த தமிழ்நாடு, விலங்கை விடுவிக்கும் மீனவர்க்கு ஊக்கத்தொகையும் வழங்கியுள்ளது. கற்பிட்டி மீனவனின் அறுந்த வலைக்கு யார் விலை கொடுப்பது என்பதை இக்கரையிலும் பேசியாக வேண்டும்.