சுட்டி
ராசிபுரத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் 'பாயிண்டர்' என்றே வழங்குவதற்கு, அதாவது நினைவகத்தில் வேறொன்று இருக்கும் முகவரியைத் தாங்கிய மாறிக்கு, தமிழ்க் கணிப்பொறி நூல்கள் இட்ட பெயர் சுட்டி. குறித்துக் காட்டுதலைச் சொல்லும் 'சுட்டு' என்பதிலிருந்து பிறந்து சுட்டுவிரலோடு உறவுடைய இச்சொல், நெற்றி அணிக்கும் துடுக்கான பிள்ளைக்கும் முன்பே உரியது. 'மவுஸு'க்கும் இதையே சிலர் சூட்டியது வேண்டாத குழப்பம். சுட்டியின் பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1980களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் சி மொழியை விரித்து ஆக்கிய அப்ஜெக்டிவ்-சியில், ஒவ்வொரு பொருளும் ('ஆப்ஜெக்ட்') உள்ளே 'ஸ்ட்ரக்ட்' எனப்படும் சி மொழிக் கட்டமைப்பாகவே இருக்க, அதன் முதல் உறுப்பான 'ஐசா', 'இது இன்ன வகை' என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரால் பெயர்பெற்று, அப்பொருளின் வகுப்பைச் ('கிளாஸ்') சுட்டுகிறது. பொருளுக்கு ஒரு செய்தி வரும்போது, அதற்குரிய செயல்முறை அச்சுட்டியின் வழியே வகுப்பில் தேடப்படுகிறது. வகுப்பும் ஒரு பொருளே ஆதலால் அதற்கும் ஓர் ஐசா உண்டு. 2013இல் 64 பிட் ஐஃபோன் வந்தபின், முகவரிக்குத் தேவைப்படாத பிட்டுகளில் அப்பொருளை எத்தனை இடங்கள் பற்றியுள்ளன என்னும் எண்ணிக்கை முதலியவையும் ஏற்றப்பட்டதால், ஐசா இன்று வெறும் முகவரியன்று. ஆயினும் மாட்டின் நெற்றி வெள்ளையைச் சுட்டி என்று அழைக்கும் உழவர் வழக்கில் 'அடையாளக் குறி' என்னும் பொருளும் இச்சொல்லுக்கு இருப்பதால், வேறு சொல் ஆக்க வேண்டிய தேவை எழவில்லை.