ஓலையும் காசோலையும்

சங்கராபுரத்திலிருந்து நேர் கிழக்கே பயணம் செய்தால் திருவெண்ணெய்நல்லூர் வரும். சேக்கிழார் சொல்லும் புகழ்பெற்ற ஓலை வழக்கு அங்கேதான் நடந்தது. மணக்கோலத்தில் நின்ற சுந்தரரை ஒரு முதியவர் தன் அடிமை என்கிறார். சான்றாக நீட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்து எறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வெண்ணெய்நல்லூர் அவையினர் மூல ஓலையை வாங்கி, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுப் படித்தால், வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துக் காசோலையோடு ஒப்பிடும் காட்சியேதான் இது. காசோலை என்ற சொல்லுக்குள்ளும் அந்த ஓலை இருக்கிறது.

ஒப்பிட்டவர் ஏமாந்துவிட்டால் என்ன ஆகும்? பெரியபுராணத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை, வழக்காட வந்தவர் இறைவன். திருடப்பட்ட காசோலையில் யாரோ ஒருவன் கணக்குக்காரரைப் போலவே கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு மறைகிறான். மிஞ்சி நிற்பவர்கள் வங்கியும் கணக்குக்காரரும். இருவருமே குற்றம் செய்யாதவர்கள், நட்டமோ ஒருவர் தலையில்தான் விழ வேண்டும். காசோலைச் சட்டத்தின் வரலாற்றில் பெரும்பகுதி, அது யார் தலை என்று தேடிய வரலாறுதான்.

தேடல் இலண்டனில் தொடங்குகிறது. காசோலையின் குறுக்கே இரண்டு கோடுகள் இடுவது முதலில் சட்டமல்ல, வங்கி எழுத்தர்களின் வழக்கம். அப்படிக் கோடிட்ட ஒரு காசோலை திருடு போயிற்று. திருடன் கோட்டைத் தடயமின்றி அழித்துவிட்டுப் பணம் பெற்றான். கோடு காசோலையின் உறுப்பு அல்ல, ஆகவே வங்கி பொறுப்பல்ல என்று 1857இல் சிம்மண்ட்ஸ் எதிர் டெய்லர் வழக்கில் நீதிமன்றம் கூறியது. வணிகர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே பாராளுமன்றம் கோட்டைக் காசோலையின் இன்றியமையாத பகுதியாக்கிச் சட்டம் இயற்றியது. 1875இல் இன்னொரு திருட்டுக் காசோலை, 1876இல் இன்னொரு சட்டம். திருடனிடமிருந்து வாங்கியவருக்குத் திருடனைவிட மேலான உரிமை கிடையாது என்ற குறிப்பைக் கோட்டோடு சேர்த்து எழுதும் வழி அப்போதுதான் பிறந்தது. இவையெல்லாம் 1881இன் இந்திய மாற்றுமுறை ஆவணச் சட்டத்துக்குள் அப்படியே வந்து சேர்ந்தன. இன்று நாம் எண்ணிப் பாராமல் இழுக்கும் அந்த இரண்டு கோடுகளுக்குப் பின்னால் முகமறியாத இரண்டு திருடர்கள் இருக்கிறார்கள்!

கோடு காப்பது ஓரளவுக்குத்தான். கையெழுத்தே போலியானால்? நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முன் இக்கேள்வி வந்த வழக்குகளுள் ஒன்று கரும்பு விவசாயிகளுடையது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பிப் பழகிய எங்கள் பக்கத்தாருக்கு அது அந்நியமாக இராது. பீகாரில் பிஹ்டா கூட்டுறவுக் கரும்பு விற்பனைச் சங்கத்தின் கணக்கிலிருந்து ஒற்றைக் காசோலைத் தாளின் மூலம் 11,000 ரூபாய் போயிற்று. தாளில் இரண்டு கையெழுத்துகள் வேண்டும், அவற்றில் ஒன்று போலி. சங்கம் காசோலைப் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கவில்லை என்றது வங்கி. கையெழுத்து போலியானால் அது காசோலையே அல்ல, வெறும் தாள். வெறும் தாளுக்குப் பணம் கொடுத்த வங்கி வாடிக்கையாளரின் அசட்டையைக் காட்டித் தப்ப முடியாது என்பது 1967இல் அறிக்கையிடப்பட்ட அத்தீர்ப்பின் சாரம்.

இதனினும் பெரியது மங்களூர் வழக்கு. கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் கனரா வங்கியில் நடப்புக் கணக்கு வைத்திருந்தது. நிர்வாக இயக்குநர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் தர வேண்டும். காசோலைப் புத்தகமோ கணக்கர் ஒருவரின் பொறுப்பில் இருந்தது, கணக்கு எழுதியவரும் அவரே. (பாலுக்கும் பூனைக்கும் ஒரே அறை!) 1957 முதல் 1961 வரை 42 காசோலைகள், 3,26,047 ரூபாய் 92 காசு. அன்றைய விலைவாசியில் அது ஒரு சிறு செல்வம். தணிக்கைகள் நடந்தன, கணக்குத் தாள்கள் மாதந்தோறும் வந்தன. 1961 மார்ச்சில் வேறொரு கணக்கர் சரிபார்த்தபோதுதான் வெளிப்பட்டது.

நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நான்கு ஆண்டுகள் கணக்குத் தாளை வாங்கிக்கொண்டு மறுப்புச் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது கேட்பதா என்பது வங்கியின் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே படும். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. போலி என்று தெரிந்தே மௌனமாக இருந்தால்தான் அந்த மௌனம் வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தும். தெரியாமல் இருந்தது மௌனம் ஆகாது. கணக்குத் தாளின் ஒவ்வொரு வரியையும் ஆராயும் கடமையை வாடிக்கையாளர் மீது சுமத்தினால் வங்கிப் பக்கமே யாரும் வரமாட்டார்கள் என்றும் நீதிமன்றம் கருதியது. தீர்ப்பு 1987 ஏப்ரலில் வந்தது. வழக்கு முடிவதற்குள் வங்கியே 1969இல் நாட்டுடைமையாகிவிட்டது. தனியார் வங்கி செய்த பிழைக்கு அரசு வங்கி பணம் கொடுத்தது.

ஹாங்காங்கில் ஒரு பருத்தி ஆலையின் எழுத்தர் ஏறத்தாழ 300 காசோலைகளில் இதே வித்தையைச் செய்தார். அங்கும் 1985இல் பிரிவி கவுன்சில் வங்கிகளின் வாதத்தைத் தள்ளியது. மங்களூர்த் தீர்ப்புக்கு அதுவும் துணை நின்றது.

இதை வைத்துக்கொண்டு வங்கி எப்போதும் தோற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கணக்குக்காரரின் கையெழுத்து மெய்யாக இருந்து, பணம் பெற வேண்டியவரின் மேலெழுத்து மட்டும் போலியாக இருந்தால், முறைப்படி பணம் கொடுத்த வங்கிக்கு 85ஆம் பிரிவு காப்பு. கையெழுத்திட்டவர் இடைவெளி விட்டுத் தொகையை எழுதி, அதில் ஒருவன் எண்களைச் செருகினால் நட்டம் எழுதியவருக்கே என்பது ஆங்கிலச் சட்டம். 1918இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கில் 2 பவுண்டு 120 ஆனது. ஆகவே எழுதும்போது காட்டும் அசட்டை மன்னிக்கப்படாது, பூட்டாமல் விட்ட அசட்டை மன்னிக்கப்படும். விசித்திரமாகத் தோன்றினாலும் இந்தப் பிரிவினை சரியென்றே எனக்குப் படுகிறது. முதலாவதில் வங்கிக்கு நாம் ஓர் ஆணை கொடுத்திருக்கிறோம், கோணலாக. இரண்டாவதில் ஆணையே கொடுக்கவில்லை.

இப்போது தராசு மெல்ல அசைகிறது. 2021 ஜனவரி முதல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. திருடனுக்கு இது நல்ல தடைதான். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கலாம் என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. கூடவே இன்னொரு வரியும் உண்டு. காசோலைப் பட வலையமைப்பின் தகராறு தீர்வு முறையில் இவ்விதிகளுக்கு உட்பட்ட காசோலைகள் மட்டுமே ஏற்கப்படும். 1987இல் நீதிமன்றம் வாடிக்கையாளர் தோளில் ஏற்ற மறுத்த விழிப்பின் ஒரு பங்கு, இந்த வரியின் வழியாக அங்கே வந்து அமர்கிறது. கைப்பேசியில் நான்கு விவரங்களை நிரப்பத் தெரிந்தவருக்கு அது சுமையல்ல. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, கடுக்காய் விற்ற காசைக் கணக்கில் போட்டுவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர், கணக்கில் போட்ட பணம் வங்கியின் பொறுப்பு என்றுதான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்.