பூனை வாலும் ரெண்டு கணக்கு வாத்தியார்களும்

பூனையைத் தலைகீழா விட்டாலும் நாலு காலும் தரையில படுற மாதிரிதான் விழும். சின்னப் புள்ளைக்குக் கூட தெரிஞ்ச சங்கதி. ஆனா இது 'எப்படி'ங்கறதுல பிரான்ஸ் அறிவியல் அகாதெமியே மண்டையைப் பிச்சுக்கிட்ட கதை இருக்கு பாருங்க, அது சுவாரசியமானது.

1894 அக்டோபர், பாரிஸ். எத்தியேன்-ஜூல் மாரே என்ற உடலியல் நிபுணர், நொடிக்கு 60 படம் எடுக்கிற காமிராவோட ஒரு பூனையை காலைப் பிடிச்சுத் தொங்கவிட்டு, அப்படியே விட்டுட்டார். அந்தப் படங்களை அகாதெமியில காட்டினதும் ஒரே சலசலப்பு. காரணம் இருக்கு. கோண உந்தம் மாறாதுன்னு முதல் வருஷ இயக்கவியல்ல படிச்சிருப்பீங்க. சுழலாம கிளம்பின பொருள், அந்தரத்துல பிடிமானமே இல்லாம தானா எப்படித் திரும்பும்? பிடிச்சிருந்த கையை உதைச்சுத்தான் பூனை சுழற்சியை வாங்கியிருக்கணும்னு அதுவரை நம்பிட்டு இருந்தாங்க. படத்துலயோ, விட்டதும் முதல்ல பூனை சுழலவே இல்ல. அப்புறம்தான் திரும்புது!

கீயூ என்ற கப்பற்படைக் கணிதக்காரர் முடிச்சை அவிழ்த்தார். பூனை ஒரே கட்டை இல்லையே. முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி முன்பாதியைத் திருப்புது. நீட்டின பின்பாதி எதிர்த்திசையில கொஞ்சம்தான் நகரும். அப்புறம் முன்காலை நீட்டி, பின்காலை மடக்கி பின்பாதியைத் திருப்புது. மொத்த உந்தம் எப்பவும் பூஜ்யம்தான், ஆனா பூனை திரும்பிடுச்சு. (ஆபீஸ்ல சுழல் நாற்காலியில உக்காந்து, காலைத் தூக்கிட்டு, ரெண்டு கையிலயும் தண்ணி பாட்டிலோட முயற்சி பண்ணிப் பாருங்க. மேனேஜர் இல்லாத நேரமா பாத்து.)

இப்போதான் நம்ம ஹீரோ வர்றார். இத்தாலியின் தூரின் நகரத்து கியூசெப்பே பியானோ. வாசிக்கிற பெட்டி இல்லீங்க, 1889-ல இயல் எண்களுக்கு அடிப்படை விதிகள் எழுதின அதே ஆள். 1895 ஆரம்பத்துல அவர் சொன்னது: எல்லாத்துக்கும் வால்தான் காரணம். பூனை வாலை ஒரு பக்கமா வட்டமா சுத்துது, உடம்பு மறுபக்கம் திரும்புது. அவ்ளோதான்!

இதோட நிறுத்தியிருந்தா பிரச்சினை இல்ல. பூமியின் துருவம் லேசா ஆடுதுங்கறது அப்போ சூடான விஷயம். 1891-லதான் அமெரிக்காவுல சாண்ட்லர் அதுக்கு சுமார் 14 மாசக் கணக்கு கண்டுபிடிச்சிருந்தார். பூனை வாலால திரும்பினா, பூமி கடல் நீரோட்டத்தால ஆடக்கூடாதான்னு பியானோ 1895 மே மாசம் தூரின் அகாதெமியில கட்டுரை வாசிச்சுட்டார். அதே பல்கலைக்கழகத்துல, அதே அகாதெமியில, அதே துருவ ஆட்டத்தைப் பத்தி மாசக்கணக்கா கட்டுரை போட்டுட்டு இருந்தவர் வித்தோ வோல்தேரா. மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? தன் வயலுக்குள்ள பக்கத்து வீட்டுப் பூனை புகுந்த மாதிரிதான். பதிலுக்குப் பதில் கட்டுரை, 1896 வரைக்கும் இழுத்தது. எனக்கென்னவோ வோல்தேரா கோபத்துல நியாயம் இருக்குன்னுதான் படுது. ஆனா பூனையிலிருந்து பூமிக்குத் தாவின பியானோ மூளையையும் ரசிக்காம இருக்க முடியல.

சரி, வால் விஷயத்துல பியானோ சொன்னது சரியா? பாதி கூட இல்ல. வால் எடை கம்மி, அதை வச்சு உடம்பைத் திருப்பணும்னா பல சுத்து சுத்தணும். லண்டனில் டொனால்ட் மெக்டொனால்ட் அதிவேகக் காமிராவுல வாலே இல்லாத மாங்க்ஸ் பூனையையும் விட்டுப் பாத்தார். அதுவும் ஜம்முனு காலூன்றிடுச்சு. 1969-ல கேனும் ஷேரும் ரெண்டு உருளையைச் சேர்த்த மாதிரி ஒரு பூனையை வச்சு சமன்பாடு போட்டாங்க. அதுல வாலே கிடையாது.

அப்போ வால் எதுக்கு? மதில் மேல நடக்கத்தான். குறுகலான பலகையில நடக்கிற பூனையின் காலடியில பலகையைச் சட்டுனு பக்கவாட்டுல நகர்த்திப் பாத்த ஆய்வு 1998-ல வந்தது. இடுப்பு ஒரு பக்கம் சாயும்போது வால் மறுபக்கம் வீசி அதைச் சரிக்கட்டுது. வாலுக்குப் போற நரம்பை வெட்டின பூனைகள் தடுமாறி விழுந்திருக்கு. (பாவம், அந்த ஜீவன்களை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு.) அதுபோக, வாலைச் செங்குத்தா தூக்கிட்டு வந்தா 'நான் உன் சிநேகிதன்'னு அர்த்தம்.

மாங்க்ஸ் பூனை வாலில்லாம பிழைச்சுக்குதேன்னு கேட்டா, அந்த மரபணு ஒண்ணு இருந்தா வால் குட்டை, இல்லைன்னா வாலே இல்ல. சிலதுக்கு முதுகெலும்பும் சேர்ந்து கெட்டுடும். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்தா, குட்டி பிறக்கறதே இல்ல.