பிரிந்தவர் கூடும் மேய்ச்சல் நிலம்

ஜாக் ஷேஃபரின் 'ஷேன்' நாவல் 1949இல் வெளிவந்தது. வையோமிங் பள்ளத்தாக்கொன்றின் பூசலைத் தீர்த்துவைத்துவிட்டு, எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாத அந்தக் குதிரைவீரன் வந்தவழியே போய்விடுகிறான். சிறுவன் ஒருவன் அதைப் பார்த்து நிற்கிறான். அச்சிறுவனின் தாய் மரியனின் மனம் ஷேன்பால் சாய்ந்திருந்தது. அதை அவனும் அறிவான், அவள் கணவனும் அறிவான். ஆயினும் மறுநாள் முதல் மரியன் எப்படி வாழ்ந்தாள் என்பது அந்நாவலின் அக்கறையன்று. ஆண் விலகிச் செல்வதையே மாண்பாகக் காட்டுவது மேற்கத்திய சாகசக் கதைகளின் மரபு. முன்னாள் காதலர் மீண்டும் கூடும் கௌபாய்க் காதல் நாவல்கள், அங்கே கேட்கப்படாமல் போன கேள்விக்கு எழுதப்பட்ட விடைகள் என்றே நான் வாசிக்கிறேன். "நீங்களுமா இவற்றைப் படிக்கிறீர்கள்?" என்று துறை நண்பரொருவர் வியந்தார். படிக்கிறேன், வெட்கமில்லை.

வரலாற்றுக் கௌபாய்க்குத் திரும்பிச் செல்ல வீடு இருந்ததென்று பொதுவாகச் சொல்வதற்கில்லை. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் டெக்ஸாஸ் மாட்டு மந்தைகளைக் கான்ஸாஸ் ரயிலடிகளுக்கு ஓட்டிச்சென்ற இவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், மணமாகாதவர்கள், மாதம் முப்பது நாற்பது டாலர் கூலிக்குப் பருவவேலை பார்த்தவர்கள். கறுப்பினத்தவரும் மெக்ஸிகோ வழியினரும் இவர்களில் கணிசம். நாவல்களின் அட்டைப்படங்கள் அதை நெடுங்காலம் மறைத்தே வந்தன. 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பியும், 1886-87 குளிர்காலத்தில் மந்தை மந்தையாக மாடுகள் மடிந்ததும் திறந்தவெளி மேய்ச்சலுக்கு முடிவுகட்டின. இருபதாண்டுகளே நீடித்த ஒரு பிழைப்பு அது. ஓவன் விஸ்டர் 'தி வர்ஜினியன்' எழுதிய 1902க்குள் அது நினைவாகிவிட்டிருந்தது.

விஸ்டரின் நாயகன் பள்ளி ஆசிரியையை மணந்துகொள்கிறான். ஆகவே காதல் இவ்வகைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த சரக்கன்று. பி. எம். பௌவர் என்ற பெயரில் மாண்டனா பண்ணைக் கதைகளை எழுதியவர் பெர்த்தா என்னும் பெண்மணி. முன்னெழுத்துகளை மட்டும் கண்ட வாசகர் பலர் அவரை ஆணென்றே எண்ணியிருந்தனர். 1924இல் தொடங்கிய 'ராஞ்ச் ரொமான்ஸஸ்' என்ற மலிவுத்தாள் இதழ், துப்பாக்கியையும் காதலையும் ஒரே கதையில் வைத்து விற்று, தன்காலத்து இதழ்கள் பலவும் மறைந்தபின்னும் 1971 வரை உயிர்த்திருந்தது. இலக்கிய வரலாறுகளில் அதற்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

இன்று நாமறியும் வடிவம் அதன்பின் உருவானது. கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனம் அதுவரை பெரும்பாலும் பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் மில்ஸ் அண்ட் பூன் நூல்களையே வெளியிட்டுவந்தது. அங்கு இடம்பெற்ற முதல் அமெரிக்கர் ஜேனட் டெய்லி. 1980இல் போட்டியாக வந்த சில்ஹௌட், அமெரிக்கக் களங்களை விரும்பியது. ஆங்கிலப் பிரபுவின் இடத்துக்கு ஓர் அமெரிக்க ஆண்மகன் தேவைப்பட்டான். பண்ணைக்காரன் ஆயத்தமாக நின்றான். கவனியுங்கள், இவன் கூலிக் கௌபாய் அல்லன். நிலமுடையவன். திரும்பிவரும் பெண்ணுக்குக் கதவு திறக்க ஒரு வீடு வேண்டுமல்லவா?

டெய்லியின் 'திஸ் கால்டர் ஸ்கை' (1981) இதைக் கடுமையாகவே சொல்கிறது. மாண்டனாவின் பெரும்பண்ணை வாரிசு சேஸ் கால்டரும் சிறுவிவசாயி மகள் மேகியும் காதலர்கள். மேகியின் தகப்பனை மாட்டுத் திருட்டுக்காகக் கால்டர் தரப்பு தூக்கிலிடுகிறது. அவள் கருவுற்ற நிலையில் ஊரைவிட்டுச் செல்கிறாள். ஆண்டுகள் கழித்து மகன் தந்தையைத் தேடிவருகிறான். இங்கே பிரிவுக்குக் காரணம் கொலை. டயானா பாமரின் 'ஜஸ்டின்' (1988) அத்தகைய துணிவற்றது; தந்தையின் நிர்ப்பந்தத்தால் நாயகி சொன்ன ஒரு பொய்யால் முறிந்த நிச்சயதார்த்தம், அப்பொய் வெளிப்பட்டதும் ஒட்டிக்கொள்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவள்மீது அவன் காட்டிய கடுமைக்குக் கணக்குத் தீர்க்கப்படுவதே இல்லை. இவ்வகை நாவல்களின் பெருங்குறையாக நான் காண்பது இதையே. உண்மை தெரிந்துவிட்டால் காயம் ஆறிவிடும் என்ற நம்பிக்கை அவற்றுக்கு மிக மலிவாகக் கிடைத்துவிடுகிறது.

ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். 1980களில் அமெரிக்க நாட்டுப்புறத்தில் வட்டி ஏறி, நிலவிலை சரிந்து, குடும்பப் பண்ணைகள் பல ஏலத்திற்குப் போயின. தந்தையின் சாவு, கடன், விற்பனைக்கு வந்த பண்ணை: முன்னாள் காதலி ஊர் திரும்ப இந்நாவல்கள் மீண்டும் மீண்டும் சொல்லும் காரணங்கள் இவைதாம். கூடல் காதலர்க்கு மட்டுமானதன்று, கைநழுவும் நிலத்தோடும்தான்.

நிலமே கொடுக்கப்படாதவர்களுக்கு? ஆனி ப்ரூவின் 'ப்ரோக்பேக் மௌண்டன்' (1997) கதையில் 1963 கோடையில் ஆட்டுமந்தை காத்த இரு ஆண்கள் நான்காண்டுக்குப்பின் சந்திக்கிறார்கள். நாமிருவரும் சேர்ந்து சிறு பண்ணை வைப்போம் என்கிறான் ஜாக். காதல் நாவல்கள் ஆயிரமுறை வழங்கிய முடிவு அது. எனிஸ் மறுக்கிறான், அப்படிச் சேர்ந்து வாழ்ந்த ஒருவனின் சிதைந்த பிணத்தைத் தகப்பன் அழைத்துப்போய்க் காட்டியது அவன் சிறுவயது நினைவு.

அதற்குமுன்பே, 1985இல், லாரி மக்மர்ட்ரியின் 'லோன்சம் டவ்' வந்திருந்தது. அதில் கஸ், மந்தையோட்டத்தின் நடுவே நெப்ராஸ்காவில் பழைய காதலி கிளாராவைக் காண்கிறான். அவள் கணவன் குதிரை உதைபட்டு நினைவின்றிக் கிடக்கிறான். மூன்று மகன்களை அவள் முன்பே இழந்தவள். கஸ்மீது அவளுக்கு அன்பு குறைந்ததில்லை. இருந்தும் அவனை ஏற்க மறுக்கிறாள். பின்பு மாண்டனாவில் இறக்கும் கஸ், டெக்ஸாஸில் தாங்கள் களித்திருந்த தோப்பில் தன்னைப் புதைக்குமாறு நண்பன் காலிடம் வாக்கு வாங்குகிறான். பிணத்தோடு தெற்கே போகும் வழியில் கால் அவள் வீட்டில் தங்குகிறான். இங்கேயே புதையுங்கள் என்று கேட்கிறாள் கிளாரா. வாக்குத் தவறமாட்டேன் என்கிறான் அவன். இறந்தவனுக்குக் கொடுத்த வாக்குக்காக உயிரோடிருப்பவர்களைக் கைவிட்டுச் செல்லும் அவனை வெறுப்பதாக அவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.