கூலி: ஊதியம் வசைச்சொல்லான வரலாறு

முருங்கனில் கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்களில் அரிவு வெட்டியவர் பொழுதுசாய வாங்கிச் செல்வது கூலி. தமிழில் அச்சொல்லின் பொருள் ஊதியம் என்பதே. திருக்குறளும் (619) முயற்சியின் பயனை அச்சொல்லாலேயே சுட்டுகின்றது. உழைப்பவரைக் குறிக்க நாம் கூலிக்காரர், கூலியாள் என்போம். ஆங்கிலேயரோ ஆளையே 'கூலி' ஆக்கினர். உழைப்பின் விலை உழைப்பவரின் பெயராயிற்று.

1886 இல் வெளியான 'ஹொப்சன்-ஜொப்சன்' சொற்களஞ்சியம் இச்சொல்லை மேற்கிந்தியக் கோலி சமூகத்தவரின் பெயருடன் தொடர்புபடுத்துகின்றது. தமிழ்க் கூலியே மூலம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழர் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்ட நாடுகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அவ்வாறு வந்தவர்களின் வழி மன்னாரேயாகும். 19 ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரக் கரையிலிருந்து வள்ளங்களில் வந்திறங்கியோர் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபின் முருங்கன் ஊடாகப் புகையிரதத்தில் சென்றனர். தோட்டத்துரைமாரின் பேரேடுகளில் அவர்கள் யாவரும் 'கூலிகள்'. குடியிருப்புக்கும் 'கூலி லயன்' என்றே பெயர். 'லயன்' இன்றும் மலையகத் தமிழில் வழங்குகின்றது.

தென்னாபிரிக்காவில் இது அப்பட்டமான வசை. 1893 இல் அங்கு சென்ற காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' என்றே அறியப்பட்டார். அங்கு முஸ்லிம் வணிகரும் இவ்வசைக்குத் தப்பவில்லை. சட்டம் படித்தவர்க்கும் கடை வைத்திருந்தவர்க்கும் கூலிக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992 இல் இதே சொல்லிலிருந்து 'கூலித்தியூத்' என்னும் கருத்தாக்கத்தை உருவாக்கி, கடல்கடந்த உழைப்பாளர் வரலாற்றுக்குப் பெயராக்கினார்.